மீதி மூணு வரி

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கம்மா, எனக்குக் காத்து ஆகாது. பையை மேல வைக்க வேண்டாம்ப்பா கண்டக்டர், மடியிலேயே இருக்கட்டும், உள்ள பட்டுப்புடவை இருக்கு. நாளைக்குக் காலைல மெட்ராஸ்ல எனக்கு ஒரு விருது குடுக்கறாங்க. மகளிர் தின விருது. நானாக் கேக்கல, அவங்களாத்தான் கூப்பிட்டாங்க. 'வரலாற்றில் மறைந்த பெண்களுக்கு முகம் கொடுத்தவர்'னு அழைப்பிதழ்ல போட்டிருக்கு. காட்டறேன் இரு, கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல. அப்புறம் காட்டறேன்.

நான் டீச்சர். முப்பத்தோரு வருஷம் வரலாறு எடுத்தேன். செஞ்சியில இறங்கி ஜெகதா டீச்சர் வீடுன்னு கேட்டா ஆட்டோக்காரனே கொண்டுவந்து விட்டுடுவான். மேல்கருந்தாங்கல் கோட்டை தெரியுமா உனக்கு? தெரியாது. யாருக்கும் தெரியாதும்மா, அதுதான் என் வயித்தெரிச்சலே. செஞ்சியில இருந்து மேற்க பதினாலு கிலோமீட்டர். ரிட்டையர் ஆன வருஷம் சும்மா இருக்க முடியாம போய்ப் பார்த்தேன். வாசல்ல ஒரு பெரிய போர்டு. கட்டினவர் இன்னார், பிடிச்சவர் இன்னார், திரும்பப் பிடிச்சவர் இன்னார். எண்ணிப் பார்த்தேன். இருபத்தி மூணு ஆம்பளைங்க பேரு. ஒரு குதிரை பேருகூட இருந்தது. ஒரு பொம்பளை பேரு இல்ல. நின்ன இடத்துலயே எனக்கு உடம்பு பத்திக்கிட்டு எரிஞ்சது. குதிரைக்குக் குடுத்த இடத்தை நமக்குக் குடுக்கலயேம்மா.

அன்னிக்குத்தான் அஞ்சலாட்சியைப் பார்த்தேன். கோட்டைக்குள்ள மேலைவாசல் ஓரமா பதினோரு வீடு இருந்தது. வீடுன்னா என்ன, ஓலையும் தகரமும். ஆடு, கோழி, நண்டும் சிண்டுமா பிள்ளைங்க. ஆக்கிரமிப்புன்னு சொல்லி தொல்லியல் துறைக்காரங்க எட்டு வருஷமா கேஸ் நடத்திக்கிட்டிருந்தாங்க. அந்த வீட்டுல ஒண்ணு இவளோடது. கோட்டையிலயே பெருக்கற வேலை, தினக்கூலி. நான் போர்டு முன்னால நின்னு புலம்பறதைக் கேட்டுட்டு, துடைப்பத்தைக் கீழ போட்டுட்டு வந்தா.

"பொம்பள பேரு இல்லன்றீங்களே டீச்சர், எங்க வாழவந்தா கீறாளே"ன்னா.

கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினா. இடுப்பு உயரக் கல்லு. எண்ணெயும் மஞ்சளும் தடவித் தடவிக் கறுத்துப்போய் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. உத்துப் பார்த்தா ஒரு பொம்பளை, கையை ஓங்கிக்கிட்டு நிக்கறா. கையில கத்தி இல்ல, அம்மிக் குழவி. அந்தப் பதினோரு வீட்டுக் கதைப்படி, கோட்டையை எதிரி வளைச்சப்ப மேலைவாசல்ல காவல் இருந்த ஆம்பளைங்க எல்லாம் செத்துட்டாங்களாம். இவ மத்த பொம்பளைங்களைச் சேர்த்துக்கிட்டு, வீட்டுல இருந்த அம்மி, குழவி, உரல் எல்லாத்தையும் மதில் மேல இருந்து உருட்டி விட்டே ரெண்டு நாள் தடுத்திருக்கா. மூணாம் நாள் உதவிக்குப் படை வந்து சேர்ந்துச்சு, இவ அம்பு பட்டு விழுந்துட்டா. அதனால அந்த வீடுங்கள்ல மிக்சி வந்த பின்னாலயும் வாசல்ல ஒரு குழவியை நிறுத்தி வச்சு மஞ்சள் பூசுவாங்க. முதல் பொண்ணு பிறந்தா வாழவந்தான்னுதான் பேரு. அஞ்சலாட்சி ரெண்டாவது பொண்ணு, அதான் அவளுக்கு இல்ல. அவ மகளுக்கு உண்டு. தலைமுறை தலைமுறையா ஒரு வாழவந்தா போனா இன்னொரு வாழவந்தா.

எனக்கு அழுகையே வந்துடுச்சும்மா. அந்தக் கல்லு முன்னால உக்காந்து அழுதேன். அவ தண்ணி கொண்டாந்து குடுத்தா. சொம்பு அவ்வளவு சுத்தமில்ல, ஆனாலும் வாங்கிக் குடிச்சேன். நான் அந்த வித்தியாசம் எல்லாம் பாக்கற ஆளு கிடையாது.

அப்புறம் ரெண்டு வருஷம் நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே. கல்லுக்குக் கீழ்ப்பக்கம் எழுத்து இருந்தது. கல்வெட்டுப் படிக்கப் பத்து நாள் பயிற்சி குடுத்தாங்க, அறுபது வயசுல போய்க் கத்துக்கிட்டேன். மைப்படி எடுக்கணும் தெரியுமா? ஈரக் காகிதத்தைக் கல்லுல ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டிக் குழியில உக்கார வச்சு, மேல மை ஒத்தணும். எழுத்து வெள்ளையா எழும்பி வரும். அஞ்சலாட்சிதான் தண்ணி தூக்கிக்கிட்டு வந்தா, காகிதம் பறக்காம பிடிச்சுக்கிட்டா. எண்ணெய்ப் பிசுக்கை எல்லாம் அவதான் அரப்பு போட்டு நாலு நாள் தேய்ச்சா. கை வெடிச்சுப் போச்சு. அதெல்லாம் நான் மறக்கல. கல்லுக்குப் போர்டு திறந்து வச்ச விழா அழைப்பிதழ்ல 'உதவி: உள்ளூர்ப் பெண்கள்'னு போடச் சொன்னேன். அச்சகத்துக்காரன் விட்டுட்டான்.

படிச்சேன். எல்லாம் அப்படியே இருந்தது. வருஷம், மாசம், மேலைவாசல், 'பெரியான் மகள் வாழவந்தாள் கல்லுருட்டிப் பட்டாள்'. பட்டாள்னா சண்டையில உயிரை விட்டா. கோட்டையில பெருக்கறவ சொன்ன கதை கல்லுலயே இருக்கு! அன்னிக்கு நான் பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தன்னிக்குக்கூடப் பட்டதில்ல.

கல்லுல மொத்தம் பத்து வரி. கல்லு பக்கத்துல புதுசா வச்ச போர்டுல ஏழு வரி போட்டோம்.

என்ன, ஏன் அப்படிப் பாக்கற? சொல்றேன். உங்கிட்ட சொன்னா என்ன, நீ எங்க ஊர்க்காரியா. கிளாம்பாக்கத்துல இறங்கினா நீ யாரோ, நான் யாரோ.

எட்டாவது வரியில இருந்து என்ன இருக்குன்னா, 'இவள் பேருக்கு மேலைவாசலுக்கு உட்பட்ட மனை பதினொன்றும் இவள் பெண்வழி சந்திராதித்தவரை இருந்து வாழக் கடவது.' சந்திராதித்தவரைன்னா சூரிய சந்திரர் உள்ளவரைக்கும். எனக்கு மனப்பாடம். அதுக்கப்புறம் வழக்கமா வர்ற சாபம். 'இதுக்கு அகிதம் பண்ணினவர்கள் கெங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போகக் கடவர்கள்.' அகிதம்னா கேடு. அவ்வளவுதான்.

நீ நினைக்கறது எனக்குப் புரியுது. நானும் நினைச்சுப் பார்த்தேன். இதைக் கொண்டுபோய் வெளியில வச்சா என்ன ஆகும்? வக்கீல் தூக்கிக்கிட்டு ஓடுவான். கேஸ் இன்னும் இருபது வருஷம். துறையில அதிகாரி முதல்லயே சொல்லிட்டாரு, இடம் காலியானாத்தான் பூங்கா, பூங்கா வந்தாத்தான் கல்லுக்கு மண்டபம், அதுவரைக்கும் போர்டு மட்டும்தான்னு. ஐநூறு வருஷம் கழிச்சு ஒரு பொம்பளைக்கு மரியாதை கிடைக்கிற நேரம். பதினோரு தகரக் கொட்டாய்க்காக அதை விட்டுட முடியுமா? அதிகாரிகிட்ட, கடைசி மூணு வரி தேஞ்சிருக்கு சார்னு சொன்னேன். அவரும் மேல கேக்கல. நல்ல மனுஷர்.

விழாவுல நான் செஞ்ச ஒரே தப்பு, அஞ்சலாட்சி கையில மைக்கைக் குடுத்தது. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதை. புதுப்புடவை எடுத்துக் குடுத்து, விளக்கு ஏத்த வச்சு, ரெண்டு வார்த்தை பேசுன்னு சொன்னேன். நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்குவான்னு பார்த்தா, போர்டையே பார்த்துக்கிட்டு நிக்கறா. படிக்கத் தெரியாது அவளுக்கு. விரலை நீட்டி நீட்டி எண்ணறா.

"டீச்சர், இதுல ஏழு வரிதான் கீது. கல்லுல பத்து வரி கீது"ன்னா. மைக்குல.

"மீதி தேஞ்சுபோச்சு அஞ்சலாட்சி"ன்னேன், சிரிச்சுக்கிட்டே.

"தேயல டீச்சர். நான் பொறந்ததுல இருந்து எண்ண தடவற கல்லு. ராவும் பகலும் வெரலு போன எடம். பத்து வரியும் நல்லாக் கீது. கடசி மூணு வரிலதான் இன்னும் ஆழமா வெட்டிக்கீது. எங்களப் பத்தி எதுனா போட்டுக்கீதா?"

முப்பத்தோரு வருஷத்துல ஒரு பிள்ளை எழுந்து நின்னு நீங்க சொன்னது தப்பு டீச்சர்னு சொன்னது கிடையாது. நானூறு பேர் முன்னால, பெருக்கறவ சொல்றா. என் முகம் எப்படி இருந்திருக்கும்? நானே மைக்கை வாங்கி, உங்களைப் பத்தி ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லி, கை தட்டச் சொன்னேன். எல்லாரும் தட்டினாங்க. அவளும் தட்டினா.

திண்டிவனம் வந்துடுச்சா? டீ குடிக்கறியாம்மா? வேண்டாமா. இந்தப் பாட்டிலைக் கொஞ்சம் திறந்து குடு, எனக்கு விரல் வலி.

விழா முடிஞ்சு பத்து நாள் இருக்கும். வெள்ளிக்கிழமை. கதவைத் தட்டறா. கூட அவ மக வாழவந்தா. அந்தப் பொண்ணு பார்க்கவே சகிக்கல, கண்ணு குழி விழுந்து கிடந்தது. ரெண்டு மாசம் முன்னாடிதான் முதல் குழந்தை, ஆம்பளைப் பிள்ளை, பிறந்து மூணாம் நாள் போயிடுச்சு. அஞ்சலாட்சி முந்தானைக்குள்ள இருந்து ஒரு சுருளை எடுத்தா. நாள்காட்டித் தாளுங்களைச் சோத்துப் பருக்கையால ஒட்டி, அடுப்புக்கரியைத் தேய்ச்சு அந்த மூணு வரியை எடுத்திருக்கா. நான் மைப்படி எடுத்ததைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கா பாரு. மறுநாள் கல்லைச் சுத்திக் கண்ணாடி போடப்போறாங்கன்னு தெரிஞ்சு அவசரமா எடுத்தாளாம். உண்மையைச் சொல்லணும்னா, என்னோட மைப்படியைவிட அது தெளிவா இருந்தது.

"செவ்வாக்கெழம கேசு வருது டீச்சர். பழைய ஆதாரம் எதுனா கீதான்னு வக்கீலு கேக்கறாரு. எனக்கு உங்களத் தவிர இதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரத் தெரியும்? இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லுங்க"ன்னு தரையில உக்காந்துட்டா.

இப்ப என்ன பண்றது சொல்லு. விழாவுல அவ்வளவு பேர் முன்னால தேஞ்சுபோச்சுன்னு சொல்லியிருக்கேன். இப்ப தேயலன்னா என் பேரு என்ன ஆகறது? எங்க மகளிர் மன்றத்துல இருக்கற மத்த பொம்பளைங்க எப்படா ஜெகதா விழுவான்னு காத்துக்கிட்டிருக்காங்க.

படிச்சேன். நடுவுல இருந்து படிச்சேன். காராம்பசு, பாவம், அதைப் படிச்சேன். அஞ்சலாட்சி மக கையைப் பிடிச்சுக்கிட்டா.

"யாருக்கு டீச்சர் அந்தப் பாவம்?"

"இந்தக் கல்லுக்குக் கேடு பண்ணினவங்களுக்கு"ன்னேன். 'இதுக்கு'ன்னு இருந்ததைக் 'கல்லுக்கு'ன்னு, அந்த ஒரு இடத்துலதான் வார்த்தையை மாத்தினேன். வேற ஒரு பொய்யும் நான் சொல்லல.

"நாங்க இன்னா கேடு பண்ணினோம்? வெளக்குதான ஏத்தினோம்"ன்னா.

நான் பதில் சொல்லல. நல்ல டீச்சர் பதில் சொல்ல மாட்டா, கேள்வி கேப்பா, பிள்ளைங்க தானாப் பதிலுக்கு வந்து சேரும். அந்தப் பொண்ணைப் பார்த்து, "குழந்தை எங்கம்மா பிறந்தது, ஆஸ்பத்திரியிலயா?"ன்னு கேட்டேன்.

"ஆட்டோ வர்றதுக்குள்ள வூட்லயே பொறந்துடுச்சு"ன்னா.

"வீட்டுக்கும் கல்லுக்கும் எத்தனை அடி இருக்கும்?"

பத்தடிம்மா. பத்தடி. அது எனக்கும் தெரியும், ரெண்டு வருஷம் போய் வந்திருக்கேனே. அப்புறம் கேட்டேன், மாசத்துல மூணு நாள் நீங்கள்லாம் எங்க ஒதுங்குவீங்கன்னு. ஒதுங்கறதுக்கு அங்க எங்க இடம், கல்லைச் சுத்தித்தானே பதினோரு வீடும். அவ்வளவுதான் நான் கேட்டேன். அஞ்சலாட்சி மகளைப் பார்த்தா. மக தரையைப் பார்த்துச்சு. "எங்க தீட்டுதாம்மா எம்புள்ளயத் தின்னுடுச்சு"ன்னுச்சு அந்தப் பொண்ணு, சத்தமே இல்லாம.

எனக்கு அந்தத் தீட்டு கீட்டுல எல்லாம் நம்பிக்கை கிடையாது, நான் அதை எதிர்த்து எத்தனை கூட்டத்துல பேசியிருக்கேன். ஆனா அவங்களுக்கு இருக்கே. அவங்க நம்பிக்கையில நாம எதுக்குக் கைவைக்கணும்?

செவ்வாக்கிழமை கோர்ட்டுல பதினோரு வீட்டுக்காரங்களும் கைநாட்டு வச்சுக் குடுத்துட்டாங்க, நாங்களாவே காலி பண்ணிக்கறோம்னு. வக்கீல் தலைதலையா அடிச்சுக்கிட்டாராம். ஒரு போலீஸ் வரல, ஒரு ஜேசிபி வரல. எட்டு வருஷம் முடியாததை நாலு நாள்ல முடிச்சுட்டீங்களே மேடம், எப்படின்னு அதிகாரி கேட்டாரு. பேசற விதமாப் பேசினாப் புரிஞ்சுக்குவாங்க சார்னேன். பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது. என்ன? அவங்களைப் பாம்புன்னு சொல்லலம்மா, பழமொழி சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாத்துக்கும் கோவம்.

காலி பண்ணினன்னிக்கு நானும் போயிருந்தேன். வாசல்ல இருந்த குழவிங்களை எடுத்துக்கிட்டுப் போக அவங்களுக்குப் பயம். எல்லாத்தையும் கழுவி, கல்லு முன்னால வரிசையா வச்சுட்டு, திரும்பிப் பார்க்காம வேன்ல ஏறிட்டாங்க. இப்ப மண்டபத்துல அந்தப் பதினோரு குழவியும் கண்ணாடிக்குள்ள இருக்கு. 'பெண்கள் பயன்படுத்திய போர்க்கருவிகள், காலம் தெரியவில்லை'ன்னு அட்டை வச்சிருக்கோம். அட்டை என் யோசனைதான். பள்ளிக்கூடப் பிள்ளைங்க போட்டோ எடுத்துக்கறாங்க.

அவங்களுக்கு வீடு குடுத்திருக்காங்க, இல்லேன்னு சொல்லக் கூடாது. இருபது கிலோமீட்டர் தள்ளி, மூணாவது மாடி. தண்ணிதான் கொஞ்சம் கஷ்டம்னு கேள்வி. அவ்வளவு தூரத்துல இருந்து காலைல ஆறு மணிக்குப் பெருக்க வர முடியாதுன்னு அஞ்சலாட்சி வேலையும் போச்சு. ஒரு தடவை பொங்கலுக்கு வந்திருக்கா, கல்லைப் பார்க்க. கவுன்ட்டர்ல இருபத்தஞ்சு ரூபா டிக்கெட் கேட்டிருக்கான். அந்த நேரம் நான் உள்ளதான் காலேஜ் பொண்ணுங்களுக்கு விளக்கிக்கிட்டிருந்தேன். எனக்குப் போன் பண்ணிக் கேட்டான், விடலாமா மேடம்னு. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும், சட்டம்னா சட்டம்னேன். அவ டிக்கெட் வாங்கலயாம். கேட்டுக்கு வெளியிலயே நின்னு கும்பிட்டுட்டு, எங்க தீட்டு படாம இருந்தாச் சரின்னு சொல்லிட்டுப் போயிட்டாளாம். டிக்கெட் கொஞ்சம் அதிகம்தான், நானே எழுதிப் போட்டிருக்கேன்.

அந்தக் கரித்தாளா? எங்கிட்டதான் இருக்கு. நான் பத்திரமா வச்சிருக்கேன் அஞ்சலாட்சின்னு அன்னிக்கே வாங்கி வச்சுக்கிட்டேன். கிழிக்க மனசு வரல. அவ்வளவு நல்ல படி. பீரோவுல புடவைக்கு அடியில கிடக்கு. போன வெள்ளிக்கிழமை புடவை எடுக்கறப்ப கையெல்லாம் கரி. வெள்ளிக்கிழமைன்னா நான் பசுமாட்டுக்கு அகத்திக்கீரை குடுப்பேன், ஒரு வருஷமா வழக்கம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சும்மா, உடம்புக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்க. மாட்டோட உடம்புக்கு இல்லடி, நம்ம உடம்புக்கு.

நீ என்ன பேசவே மாட்டேங்கற? காதுல அதை மாட்டிக்காதம்மா, முடிச்சுடறேன், முக்கியமானதை இன்னும் சொல்லல.

கீரை குடுத்துட்டு வந்து கால் கழுவறேன், கேட்டுல அஞ்சலாட்சி. இளைச்சுப்போயிட்டா, ஆனா முகத்துல ஒரு சிரிப்பு. மகளும் வந்திருக்கு, கையில குழந்தை. முப்பது நாள் ஆச்சாம். பெண் குழந்தை. கொழுகொழுன்னு, உள்ளங்கை அளவு முகம், என் விரலைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. அஞ்சலாட்சி பொட்டுனு என் கால்ல விழுந்துட்டா.

"நீங்க மட்டும் அன்னிக்கு அதப் படிச்சுச் சொல்லலன்னா இந்தப் புள்ளயும் போயிருக்கும் டீச்சர். நாலெழுத்து தெரிஞ்ச புண்ணியவதி, எங்க பாவத்த நீங்கதான் கழுவுனீங்க"ன்னு அழறா.

எழுந்திரு எழுந்திருன்னு தூக்கினேன். எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு, கல்லு மனசா எனக்கு? "முதல் பொண்ணு, வாழவந்தாதானே பேரு?"ன்னு குழந்தையைக் கொஞ்சினேன்.

மக குழந்தையை மார்போட சேர்த்துக்கிட்டுச்சு. அப்புறம் அஞ்சலாட்சி குரலைத் தாழ்த்திக்கிட்டு சொன்னா. "அந்தப் பேர இப்ப எங்கள்ல யாரும் வாயில எடுக்கறதில்ல டீச்சர். இதோ இவளயும் வேற பேரு சொல்லித்தான் கூப்புடறோம். மத்த பத்து வூட்லயும் அப்பிடித்தான். எந்தப் புள்ளைக்கும் இனிமே அது வாணாம்னு முடிவு பண்ணிட்டோம். இதுக்கு உங்க பேருதான் வச்சுக்கீறோம். ஜெகதாம்பா."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. என் சொந்தப் பேத்திக்கு என்னமோ வாயில நுழையாத பேரு வச்சிருக்கான் என் பையன். பீரோவுல இருந்து நூறு ரூபா எடுத்து குழந்தை கையில திணிச்சேன். கரி பட்டுடுச்சு, துடைச்சுவிட்டேன். நாளைக்குப் பேசறப்ப கடைசியில இதைத்தான் சொல்லப்போறேன், பேரில்லாத பெண்களுக்குப் பேர் வாங்கிக் குடுக்கப் போனேன், அந்த ஏழை ஜனங்க என் பேரையே எடுத்துத் தங்களோட பிள்ளைக்கு வச்சுட்டாங்கன்னு. கை தட்டுவாங்கல்ல?

இறங்கப்போறியா? உன் ஊரு இது இல்லயே, கிளாம்பாக்கம்னுதானே டிக்கெட் எடுத்த. சரி, உன் இஷ்டம். பார்த்துப் போம்மா. ஒரு நாள் அவசியம் வந்து பாரு. வாழவந்தாள் பேரு ஒண்ணும் போயிடல, போர்டுல பெருசா இருக்கு. நல்ல கிரானைட்டு. அம்பது வருஷம் தாங்கும்னு கடைக்காரன் எழுதிக் குடுத்திருக்கான்.